அவைக்குறிப்பு

அஜாக்ஸ் நகரமன்றத்தில் அன்றைக்கு
ஒன்பதாவது பொருள், பேருந்து நிறுத்தம்.
பேச வந்தவர் முன்னாள் அமைச்சர் குப்பமுத்து.
அது அங்கே யாருக்கும் தெரியாது.
எனக்குத் தெரியும்.
கடைசி வரிசையில், கழற்றாத குளிர்க்கோட்டோடு
மருமகளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன்.
அவளுக்கு வேலித் தகராறு, பதினோராவது பொருள்.

இருபத்திரண்டு வருஷம்
சட்டமன்றத்தில் சுருக்கெழுத்தர் நான்.
அவர் எழுந்தால் மட்டும்
இன்னொரு பென்சிலையும் சீவி வைத்துக்கொள்வேன்.
‘மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே’ என்பதற்கு
என் கையில் ஒரே ஒரு வளைவு.
அதைப் போட்டு முடிப்பதற்குள்
இரண்டு புள்ளிவிவரமும் ஒரு குறளும் தாண்டியிருப்பார்.

நான்கு முறை வென்றவர்.
ஒரு முறை டெபாசிட் போனது;
அடுத்த முறை கரைவேட்டியின் கரை மாறியிருந்தது.
முதலில் போக்குவரத்து, பிறகு நெடுஞ்சாலை,
பிறகு ஒரு மத்தியானம்
சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது
தொலைக்காட்சியில் தன் பேர் இல்லாத அமைச்சரவை.
சுழல்விளக்கைக் கழற்ற வந்த ஆளுக்கு
அவரே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார் என்று
டிரைவர் சொல்லிக் கேள்வி.

தொகுதி நிதியில் அறுபத்தேழு நிழற்குடை.
எல்லாவற்றிலும் அவர் பேர், மஞ்சளில்,
எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம்.
மழைக்கு ஒழுகும் என்பார்கள்.
இங்கே மகள் வீட்டு முனையில் வெறும் கம்பம்,
அதில் ஒரு எண்.
மைனஸ் பதினெட்டில், ரத்தப் பரிசோதனைக்குப் போக
வெறும் வயிற்றோடு நாற்பது நிமிஷம் நின்றிருக்கிறார்.

மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை
“ஐயா, அஞ்சு நிமிஷம்தான் தருவினம், கதையுங்கோ” என்றாள்.
மேசையில் ஒரு சின்ன விளக்கு. பச்சை.
அவர் எழுந்தார். செருமினார்.
வலக்கை தோளுக்குப் போய்
இல்லாத துண்டைச் சரிசெய்தது.
கைப்பையின் மேல் என் விரல்
அந்த வளைவைப் போட்டுவிட்டது.

வணக்கம் சொல்லவே ஒன்றரை நிமிஷம்.
நகரத் தலைவி, உறுப்பினர்கள், அலுவலர்கள்,
வாய்ப்பளித்த இந்த மாமன்றம்.
பிள்ளை அதை ஒரு வார்த்தையில் முடித்தாள்.
விளக்கு மஞ்சளானபோதுதான் கம்பத்துக்கே வந்தார்.
“ஒரு கூரை போதும்,
உட்காரப் பலகைகூட வேண்டாம், காற்றைத் தடுக்க...”
சிவப்பு.
யாரும் மேசையைத் தட்டவில்லை.
யாரும் வெளிநடப்புச் செய்யவில்லை.
எழுத்தர் தட்டியது பெரிய திரையில் தெரிந்தது:
குடியிருப்பாளர் ஒருவர் கூரை கோரினார். பெறப்பட்டது.

நாணலாற்றுப் பாலம் விழுந்த வருஷம்.
எதிர்வரிசை முழுக்க எழுந்து நின்று கத்த,
எழுதிக் கொடுத்த பதிலை நாலாக மடித்தார்.
மைக்குக்குப் பாதிதான் எட்டியது அந்தக் குரல்.
‘அந்தக் கோப்பில் கையெழுத்து என்னுடையது. படிக்காமல் போட்டேன்.’
ஆறு சொல். எண்ணியிருக்கிறேன்.
அவர் கட்சிக்காரரே எழுந்து நீக்கச் சொன்னார்,
தலைவர் நீக்கினார்,
இவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.
அச்சுக்குப் போன படியில் அந்த இடத்தில்
புள்ளி வைத்தது இந்தக் கைதான்.
வருஷக் கடைசியில் நோட்டுகளை எரித்துவிடுவது விதி.
எரித்தோம்.

இடைவேளையில், கோட்டு மாட்டும் இடத்தில்
என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
“ரிப்போர்ட்டர் அம்மா இல்ல?”
ஆமாம் என்றேன்.
அந்தக் காலத்தில் லாபியில் கேட்கிற மாதிரியே கேட்டார்:
“பேசினது சரியா விழுந்துச்சா?”
“ஒரு வரி விழுந்திருக்குங்க ஐயா.”
“எந்த வரி?”

கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தார்.
உள்ளே நாற்காலிகள் நகர்ந்தன.
மருமகள் கதவிடுக்கில் கையசைத்தாள்.

“கூரை” என்றேன்.

“ஓ, அதுவா.”
குனிந்து கையுறையைத் தேட ஆரம்பித்தார்.
ஒன்று கையிலேயே இருந்தது.